தாடை சீடை கடிச்ச கதை

ஒரு வாய்க்குள்ள ஒரு தாடை எலும்பு இருந்தாளாம். ஆறு வருஷம் முன்னாடி, யார் வீட்டுக் கல்யாணத்துலயோ கொட்டைப்பாக்கைக் கடிச்சு அவளோட கடைவாய்ப்பல்லு ஒண்ணு போயிடுச்சு. அந்தக் கல்யாணத்துல ரசத்துக்கு உப்பே இல்லையாம், அது கிடக்கட்டும். பல்லு போன இடத்துல தாடை தேஞ்சு தேஞ்சு பள்ளமாயிட்டா. நாக்குக்காரிக்கு வேற வேலையே இல்ல. மணிக்கொரு தரம் வந்து தடவிப் பார்த்து, "இன்னும் இளைச்சுட்டியேக்கா"ன்னு துக்கம் விசாரிச்சுட்டுப் போவா.

புதுப் பல்லைத் தாங்க ஒரு திருகாணி வந்தான். "இந்தப் பள்ளத்துல நான் எப்படி நிப்பேன்? ஆடியே விழுந்துடுவேன்"னு திரும்பிட்டான். தாடைக்கு முகமே செத்துப்போச்சு.

டாக்டர் பள்ளத்துல எலும்புத்தூளை வெச்சு ஈறைத் தைச்சாரு. "நீயாவது தாங்குவியா?"ன்னு தாடை கேட்டா.

"நான் அவரைக்கொடிக்கு நட்ட குச்சிக்கா. பிடிச்சு ஏறி வர வேண்டியது நீங்க"ன்னுச்சு தூள்.

தாடை ஏறினா. ஆறு மாசம், இம்மி இம்மியா. தூள் கரையக் கரைய அந்த இடத்துல அவளே நிறைஞ்சா.

திருகாணி மறுபடி வந்தான். பாதி இறங்குறதுக்குள்ள மூச்சு வாங்கிச்சு. "அக்கா, கொஞ்சம் இடம் விடுங்களேன்."

"நிதானமா வா தம்பி, நான் எங்கயும் போகல."

அவன் நல்லா ஊணி நின்னப்புறம் மேல புதுப் பல்லு ஏறுச்சு. முதல் சீடை படக்குன்னு உடைஞ்சுது. வழக்கம்போல துக்கம் விசாரிக்க ஓடி வந்த நாக்கு, பல்லுல நல்லா முட்டிக்கிட்டா.

"பார்த்து வாடி," தாடை சொன்னா, "இங்க ஆள் இருக்கு."