மக்கர் பண்ணிய வண்டி

"பதினொரு மணிக்கு ஆள் வர்றாரு. இன்னிக்குப் பார்த்தா மக்கர் பண்ணணும்?"

அச்சகக்காரர் தன் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க்கைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். இருபத்தெட்டு வருடமாக அவரைச் சுமந்த வண்டி. ஒரே உதையில் உயிர் வரும். ஆனால் ஆறு மாதத்துக்கு முன் அவருடைய வலது முழங்காலில் ஆபரேஷன் ஆனது. இனி உதைக்கவும் கூடாது, ஓட்டவும் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மனசைக் கல்லாக்கிக்கொண்டு, விற்பதென்று முடிவு செய்தார்.

தினமும் வண்டியைக் கிளப்பி வைக்கும் பக்கத்து வீட்டுக்காரர் இன்று காலை வந்து இருபது தடவை உதைத்துப் பார்த்தார். வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை.

"நம்ம குரூப்புல சொல்லிப் பாருங்களேன்" என்றாள் மனைவி, வாசல் கேட்டில் சாய்ந்து தெருவைப் பார்த்தபடி.

சொன்னார். அதே பழைய மாடல் வண்டி வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் நாற்பது பேர் சேர்ந்த வாட்ஸ்அப் குரூப் அது. ஒருவர் வண்டி நின்றுவிட்டால் போதும், மற்றவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். அச்சகக்காரரே ஒருமுறை, ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டு, முன்பின் தெரியாத ஒருவருக்காகக் கொட்டும் மழையில் கிளட்ச் கேபிளோடு போயிருக்கிறார்.

கால் மணி நேரத்தில் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. ஒன்றில் பல் டாக்டர் அம்மா. இன்னொன்றில் பேக்கரிக்காரர், முழங்கை வரைக்கும் மாவோடு.

"கிளினிக் இல்லையா டாக்டர்?"

"பல்லு எங்க சார் ஓடிடப் போகுது? நகருங்க, பார்ப்போம்." டார்ச்சை அடித்து எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தார். "எத்தனை நாளா இப்படி?"

"நேத்து வரைக்கும் கல்லு மாதிரி இருந்துச்சு!"

"கார்புரேட்டர்தான்" என்றார் பேக்கரிக்காரர். கழற்றினார்கள். "இல்ல, கிளட்ச்சா இருக்கும்" என்றார் டாக்டர். அதையும் கழற்றினார்கள். அரை மணி நேரத்தில் வாசலில் விரித்த செய்தித்தாள் முழுவதும் நட்டும் போல்ட்டும். அச்சகக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இவ்வளவையும் பிரிக்கணுமா?"

"அரைகுறையா பார்த்துட்டுப் போறவங்களா அண்ணே நாங்க?"

"ப்ளக்கைப் பார்த்தீங்களா?"

"முதல்ல அதைத்தானே பார்த்தோம்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

மனைவி மூன்றாவது முறையாக டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மறுபடியும் கேட்டுக்குப் போய் நின்றுகொண்டாள்.

"வேடிக்கை பார்க்கறியே, நீயாவது ஏதாவது சொல்லேன்!"

"எனக்கென்னங்க தெரியும்? நான் பின்னாடி உக்கார்றவ."

பதினொரு மணிக்கு, வண்டியை ஓட்டிக்கொண்டே திரும்பிவிடும் எண்ணத்தில், கையில் ஹெல்மெட்டோடு வந்து இறங்கினார் வாங்குபவர். செய்தித்தாளைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். அவர் முகம் ஒரு முழம் நீண்டுவிட்டது.

"போன்ல ஜம்முனு ஓடுதுன்னு சொன்னீங்க?"

அச்சகக்காரர் குனிந்து ஒரு நட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

பேக்கரிக்காரர்தான் காப்பாற்றினார். "இதை நம்பாதீங்க சார். ரெண்டு நாள் இழுக்கும் போல இருக்கு. நம்ம குரூப்புலயே இன்னொருத்தர் இதே மாடலை விக்கிறாரு. குறை சொல்ல முடியாத வண்டி. ஏறுங்க, நானே கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்."

வாங்க வந்தவர் பின்னால் ஏறிக்கொண்டார். வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

அச்சகக்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். வந்தவரை ஏமாற்றி அனுப்பிய வெட்கம் ஒரு பக்கம். அதற்கடியில், கடுகளவு ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

"டாக்டர், போதும் விடுங்க. இருக்கற எடத்துலயே இருந்துட்டுப் போகட்டும். என்ன, ஓட்டத்தான் ஆளில்ல."

டாக்டரின் கைகளுக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்திருந்தது. இத்தனை நேரம் தட்டுத் தடுமாறிய அதே கைகள், பத்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் கச்சிதமாக மாட்டி முடித்தன. துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு, வாசல் பக்கம் கையை நீட்டினார்.

"அக்கா, அதைக் குடுங்க."

மனைவி வந்து உள்ளங்கையை விரித்தாள். அதில் ஒரு ஸ்பார்க் ப்ளக்.

"இது... நம்ம வண்டி ப்ளக் ஆச்சே!" அச்சகக்காரர் எழுந்தேவிட்டார்.

"காலையில நீங்க குளிக்கப் போனப்ப அக்கா இதைக் கழட்டிட்டு, செத்துப்போன ப்ளக் ஒண்ணை மாட்டிட்டாங்க சார். ஆள் போற வரைக்கும் வண்டி எழுந்துக்கக் கூடாது. இதுதான் எங்களுக்கு அக்கா போட்ட உத்தரவு. வந்தவரைச் சும்மா அனுப்பலாமா? அதான் வேற வண்டிக்கும் ஏற்பாடு பண்ணிட்டோம்."

"உனக்கு எதுக்கு இந்த வேலை? ப்ளக்கைக் கழட்ட எங்க கத்துக்கிட்டே?"

டாக்டர் நல்ல ப்ளக்கை மாட்டி முடிப்பதற்குள் கேட்டில் தபால்காரர் மணியடித்தார். ஓடிப்போய்க் கவரை வாங்கிப் பிரித்த மனைவி, உள்ளே இருந்த அட்டையைக் கணவன் கையில் வைத்தாள். அவள் படம் போட்ட டிரைவிங் லைசென்ஸ்.

"மூணு மாசமா டாக்டரம்மாதான் ஓட்டக் கத்துக்குடுத்தாங்க, கார்டு கையில வரட்டும்னு பார்த்தா அதுக்குள்ள ஆளைக் கூப்பிட்டுட்டீங்க" என்றவள், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒரே உதையில் வண்டியைக் கிளப்பினாள். "காலைப் பார்த்து மெதுவா ஏறுங்க, கெட்டியாப் பிடிச்சுக்கங்க!"