எண் மாறிய துப்பாக்கிகள்

நிஸ்வா ஊரின் வெள்ளிக்கிழமைச் சந்தையில், அத்தனை பேர் முன்னால், தன் அண்ணனைத் திருடன் என்று நிரூபிக்கத்தான் முஹன்னா துப்பாக்கியோடு வந்திருந்தான்.

மாலையில் மகளுக்குக் கல்யாணம். பெரியப்பா வராவிட்டால் மணப்பெண்ணாக உட்கார மாட்டேன் என்று அவள் அடம் பிடித்தாள். அண்ணன் ஹிலாலோடு முஹன்னா பேசி எட்டு வருஷம் ஆகிறது. ஊர் முன்னால் தப்பை ஒப்புக்கொள்ளட்டும், நானே அழைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினான். வராமல் இருந்தால் அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி. ஹிலாலும் தன் துப்பாக்கியோடு வந்துவிட்டான்.

அப்பா விட்டுப்போனவை இரண்டு பழைய பட்டாளத்துத் துப்பாக்கிகள், ஆளுக்கு ஒன்று. பங்கு பிரித்த மறு வாரம் கழற்றித் துடைத்தபோதுதான் முஹன்னா பார்த்தான்: ஒன்றாக இருக்க வேண்டிய எண்கள், குழலில் ஓர் எண், அதைப் பின்னால் பூட்டும் போல்ட்டில் வேறு எண். நல்ல போல்ட்டை அண்ணன் உருவிக்கொண்டான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான்.

தீர்ப்புச் சொல்ல, ஊரே பெரியப்பா என்று கூப்பிடும் கல்ஃபான் உட்கார்ந்தார். துப்பாக்கியின் முத்திரை எவ்வளவு தேய்ந்திருந்தாலும் எந்த நாட்டு ஆலை, எந்த வருஷம் என்று சொல்லிவிடுகிற மனிதர். இதுவரை ஒரு தரம்கூடத் தவறியதில்லை. அந்தக் கர்வமும் அவருக்கு உண்டு.

இரண்டையும் கழற்றிப் பாயில் பரப்பி, எண்ணெய்த் துணியால் தேய்த்து, லென்ஸை வைத்துப் பார்த்தார்.

"ஹிலாலோட குழல் இங்கிலாந்துல செஞ்சது, தொள்ளாயிரத்துப் பதினேழாம் வருஷம். முஹன்னாவோடது இந்தியா, வங்காளத்து ஆலை. போல்ட் ரெண்டும் இடம் மாறித்தான் கெடக்கு."

கூட்டம் ஹிலாலைப் பார்த்தது. கல்ஃபானும் ஒருமுறை நிமிர்ந்து அவனைப் பார்த்தார். தலைப்பாகைக்குக் கீழே அவனுக்கு வியர்த்திருந்தது.

"யாரு மாத்துனதுன்னும் சொல்லிடுங்க பெரியப்பா" என்றான் முஹன்னா.

கல்ஃபான் லென்ஸை நிதானமாகத் துடைத்தார்.

"நான்தான்."

ஹிலாலைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் அவர் பக்கம் திரும்பியது.

"உங்க அப்பா படுக்கையில விழுந்த வருஷம், ரெண்டையும் எண்ணெய் போட எங்கிட்ட அனுப்பினாரு. ஒரே பாயில கழட்டிப் போட்டேன். பூட்டும்போது மாத்திப் பூட்டிட்டேன். என் கை செஞ்ச தப்புக்கு நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருந்திருக்கீங்க."

இனிமேல் பெரியப்பாவிடம் காப்பிக் கெண்டியைக் கொடுத்தால்கூட மூடியைச் சரிபார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

முஹன்னாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. போய் அண்ணன் நெற்றியில் முத்தமிட்டான். ஹிலால் அவனைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். "மன்னிச்சிடுடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் சொல்ல வேண்டியதை இவர் சொல்கிறாரே என்று முஹன்னாவுக்கு இன்னும் கூசியது.

கல்யாணம் களைகட்டியது. அறுபது வயதில் ஹிலால் ஆட்ட வரிசையின் முன்னால் நின்று, வாளை வானத்தில் எறிந்து பிடித்தான்.

கால்வலியால் வர முடியாத கல்ஃபானின் மனைவி ஸுவைனாவுக்கு முஹன்னா ஒரு தட்டு அல்வா கொண்டுபோனான். காலையில் நடந்ததை அவளிடம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னான்.

ஸுவைனா முகவாயில் கை வைத்தாள்.

"உங்க அப்பா படுத்த வருஷமா? அந்த வருஷம் பூரா இவரு குவைத்துல லாரி ஓட்டிக்கிட்டில்ல இருந்தாரு? அப்பா மவுத்தானப்ப அடக்கத்துக்குக்கூட நான் மட்டுந்தானேடா வந்தேன்?"

அண்ணன் அழுதுகொண்டே திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டது வாசலில் நின்ற முஹன்னாவுக்கு நினைவு வந்தது. மைதானத்திலிருந்து மத்தளச் சத்தம் வந்தது. அதையும் மீறி அண்ணனின் பாட்டுக் குரல்.

"அப்படியா பெரியம்மா? அப்ப வருஷத்தை நாந்தான் மாத்திச் சொல்றேன் போல" என்று சொல்லிவிட்டு, அண்ணன் பக்கத்தில் நின்று ஆட ஓடினான்.