மாமன் மடி

"தாய்மாமன் வரட்டும். அதுக்கப்புறம்தான் காது குத்துறது."

அசோக்குமார் இப்படிச் சொல்வது மூன்றாவது தடவை. திருத்தணி மலைமேல் மண்டபத்தில், ஊசியும் கம்மலுமாக ஆசாரி காத்திருந்தார். ஒரு வயது அபி, தாத்தா பங்காருவின் தோளில் சிணுங்கிக்கொண்டிருந்தாள்.

"பத்தரையோட நல்ல நேரம் முடியுதுடா" என்றார் பங்காரு.

"கொஞ்சம் இரு நைனா."

அபியின் அம்மா அம்முவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் பிறந்த வீட்டுப் பக்கம் வந்திருந்தது பெரியப்பா மகன் ஆகாஷ் மட்டும்தான். தங்கை மோனிகாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அம்மு கணவன் அசோக்குமாரைத் தூண் ஓரமாக இழுத்துப் போனாள்.

"இன்னாங்க இது? எனக்கு அண்ணன் தம்பி இல்லன்னு தெரிஞ்சிதானே கட்டினீங்க? இத்தினி பேர் எதிர்ல குத்திக் காட்டணுமா?"

"யாரு குத்திக் காட்டுனது?"

"ஆகாஷ் புது வேட்டி கட்டிகினு ரெடியா உக்காந்துகினு இருக்கான். அவனும் மாமன் முறைதான். அவன் மடியில வெச்சா ஆவாதா?"

"ஆவாது. கூடப் பொறந்த சொந்தம்தான் உக்காரணும்."

"இல்லாத ஆளுக்கு நான் எங்க போவேன்?"

அதற்குள் அவன் கைபேசி அடித்தது.

"ஆங்... அடிவாரமா? மலை ரோட்ல வண்டியெல்லாம் நின்னுகினு இருக்குதா? அப்ப படியேறி வந்துடு."

யாரோ ஒருத்தரை மாமன் என்று கொண்டுவந்து நிறுத்தப் போகிறான்! அம்முவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பத்து இருபதுக்கு, கம்பெனி சீருடையோடு, மூச்சிரைக்க வந்து நின்றாள் மோனிகா.

"லேட்டாயிடுச்சி பாவா. ஷிப்ட் முடிச்சி நேரா வரேன். இத்தினி அவசரமா என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

அசோக்குமார் மனைவியைப் பார்த்தான்.

"உங்கப்பா போனப்ப, புள்ளையா நின்னு எல்லாக் காரியமும் செஞ்சது இவதானே? என் பொண்ணுக்கு மாமனா உக்காரக் கூடாதா?"

அம்மு தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆகாஷ் சிரித்தபடி எழுந்து இடம் விட்டான்.

பங்காரு ஒரு நிமிடம் தலையைச் சொறிந்தார். பிறகு பேத்தியை மோனிகாவின் மடியில் உட்கார வைத்துவிட்டு, ஆசாரியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மாமன் வந்தாச்சிப்பா, ஊசிய எடு!"