இரண்டாம் வரிசைப் பையன்

"ஆண்ட்டி, இங்க பேரு சிலாப்பா, தப்பா போட்டிருக்கீங்க. இது ஜெரார்ட் இல்ல. எங்க அப்பா. அய்யாவு."

மேசை துடைத்துக்கொண்டிருந்த பிரேமாவதி நிமிர்ந்து பார்த்தாள்.

பீடோங் ஊரை ஒட்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்தில், பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போன தமிழ்ப்பள்ளி அது. முன்னாள் மாணவர்கள் கூடிப் பேசி, பழைய பெஞ்சு, சிலேட்டு, பிரம்பு, பள்ளி மணி என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துக் காட்சிக்கூடமாக்கி இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் திறந்து வைத்துப் பார்த்துக்கொள்வது பிரேமாவதியின் வேலை.

அந்தப் பெண்ணின் விரல் ஒன்றாம் வகுப்புப் படத்தின் மேல் இருந்தது. இரண்டாம் வரிசையில் விறைப்பாக நின்ற ஒரு பையன்.

"நல்லா தெரியுமாம்மா?"

"அப்பாவே இப்பதான் காட்டினாரு ஆண்ட்டி. அவரோட சின்ன வயசு போட்டோ எங்க வீட்டுல ஒண்ணுகூட இல்ல. நான் டீச்சருக்குப் படிக்கிறேன். படி, படின்னு என்னைய விரட்டுனதே அவருதான். காலேஜ்ல எல்லாருக்கும் காட்டணும்."

அவள் பெயர் சாந்தினி. சொல்லிக்கொண்டே கைப்பேசியில் படத்தைப் பிடித்துத் தள்ளினாள்.

அவளுக்குப் பின்னால், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார் அய்யாவு. அறுபதைத் தாண்டிய ஆள். பிரேமாவதியை நேராகப் பார்க்கவே இல்லை.

பிரேமாவதிக்கு எரிச்சலாக வந்தது. அந்தப் படத்தைக் கொடுத்ததே ஜெரார்ட் அண்ணன்தான். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், காட்சிக்கூடக் குழுவின் தலைவர். படத்துப் பையனுக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டு. ஜெரார்ட் அண்ணனுக்கு இன்றைக்கும் அதே இடத்தில் அதே தழும்பு. இதில் சந்தேகத்துக்கு எங்கே இடம்?

சாந்தினி கரும்பலகைப் பக்கம் நகர்ந்ததும் பிரேமாவதி குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா, நெஜமாவே அது நீங்களா?"

"நான்தாம்மா."

"அந்தப் படத்துல இருக்கிறவரு இன்னும் உசிரோட நல்லாத்தான் இருக்காரு. இப்ப வர்ற நேரம்தான். வந்ததும் கேட்டுக்கலாம்."

அய்யாவுக்கு முகம் செத்துவிட்டது.

"சாந்தினி, போலாம்மா. மழை வர்ற மாதிரி இருக்கு."

"மழையா? வெயில் பொளக்குதுப்பா!"

வாசலில் கார் வந்து நின்றது. 'வசமா மாட்டிக்கிட்டாரு' என்று நினைத்துக்கொண்டாள் பிரேமாவதி.

ஜெரார்ட் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதற்குள் சாந்தினி ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"அங்கிள், இங்க எங்க அப்பா பேரை மாத்திப் போட்டிருக்காங்க. இந்தா, இதுதான் எங்க அப்பா."

ஜெரார்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படத்தைப் பார்த்தார். பிறகு தலைகுனிந்து நின்ற மனிதரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டேய்... அய்யாவா?"

அய்யாவு தலையை மட்டும் ஆட்டினார்.

"ஆமாம்மா, உங்க அப்பாதான் இது." ஜெரார்ட் சிரித்தார். "பேரு எழுதினது நான்தான். வயசாயிடுச்சுல்ல, கண்ணு தடுமாறிடுச்சு."

பிரேமாவதி வாயைத் திறந்தாள்.

"பேனா குடும்மா," என்றார் ஜெரார்ட், அவள் பக்கம் திரும்பாமலேயே. தன் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'அய்யாவு' என்று எழுதினார்.

சாந்தினி அப்பாவைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, சிரிக்கச் சொல்லி, ஆசை தீரப் படம் எடுத்தாள். கிளம்பும்போது அய்யாவு, ஜெரார்டின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மகளின் மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறி உட்கார்ந்து போய்விட்டார்.

பிரேமாவதிக்கு மண்டை காய்ந்தது. ஒருவேளை தான்தான் தப்பாகப் புரிந்துகொண்டோமா? இல்லை, அண்ணனுக்கு ஞாபகம் பிசகுகிறதா?

"அண்ணே, எனக்கு ஒண்ணுமே புரியல. அது நீங்கதானே?"

"நான்தான்."

"அப்புறம்? அவரு எந்த வரிசையில இருக்காரு?"

"எந்த வரிசையிலயும் இல்ல. அவன் இந்தப் பள்ளிக்கூடத்துப் படியை மிதிச்சதே இன்னைக்குத்தான்."

அவளுக்கு இன்னும் குழம்பியது. கூடவே கோபமும் வந்தது.

"பொய்யின்னு தெரிஞ்சுமா பேரை மாத்தினீங்க? நாளைக்கு நாலு பேரு வந்து, அது நான், இது நான்னு நின்னா என்னண்ணே பண்றது? பள்ளிக்கூடத்துச் சரித்திரம்னு வெளிய போர்டு வச்சிருக்கோம்லா!"

ஜெரார்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒன்னாம் வகுப்புல சேர வேண்டிய வாரத்துல அவங்க அப்பா தவறிட்டாரும்மா. அவனுக்குக் கீழ ரெண்டு தங்கச்சிங்க. எங்க வீட்டுல அப்ப எனக்குன்னு ஒரு சட்டை கிடையாது. வெத்து உடம்போட போக மாட்டேன்னு நான் அழுதுகிட்டு இருந்தேன். அவனா வந்து என் கையில திணிச்சிட்டுப் போனான்."

"என்னத்த?"

"அந்தப் படத்துல நான் போட்டிருக்கேனே, அந்தச் சட்டைய. அது பள்ளிக்கூடம் போறதுக்குன்னு அவனுக்குத் தச்சதும்மா. அவன் அவங்க அம்மாகூடத் தோட்டத்து வேலைக்காட்டுக்குப் போயிட்டான். சட்டை பள்ளிக்கூடத்துக்கு வந்துச்சு. உள்ள நான் இருந்தேன், அவ்வளவுதான்."