உறைமோர்

இறந்துபோன என் தம்பி எழிலன் எங்கள் வீட்டுத் தயிரில் இருக்கிறான். அவன் உடலிலிருந்து எடுத்து வளர்த்த பாக்டீரியாக்கள் ஒரு புரதத்தை வெளியே அனுப்பும். தயிரைச் சாப்பிட்டால் அது நம் செல்களின் ஏற்பிகளில் வந்து அமரும். அன்று கனவில் அவன் வருவான். உயிரியல் மாலை வகுப்பில் அப்படித்தான் குறித்துக்கொண்டேன். சரியாகக் குறித்தேனா என்பது சந்தேகம்தான்.

நேற்று அம்மா ஏதோ நினைவில், கொதிக்கும் பாலில் கடைசி உறையையும் ஊற்றிவிட்டாள். காலையில் பால் பாலாகவே இருந்தது. சூட்டில் பாக்டீரியாக்கள் செத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்கே தெரிந்திருந்தது.

"ரெண்டாவது தடவையும் போயிட்டானே" என்றாள்.

மத்தியானம் பக்கத்து வீட்டுச் செண்பகம் அத்தை ஒரு கிண்ணம் தயிரோடு வந்தாள்.

"போன மாசம் உங்ககிட்டதான மதினி உறை வாங்குனேன்? உங்க மவன் தெனமும் எங்க வீட்டுக்கு வாரான். நேத்துகூட, 'குண்டு அத்தே, முறுக்கு எங்கே'ன்னு அதட்டுறான். கனவுலயும் வாய் கொறையல."

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு பாலைக் காய்ச்சி இறக்கினாள். அது ஆறுவதற்காக மூவரும் அடுப்படியில் காத்திருந்தோம். அம்மா அடிக்கடி முழங்கையைப் பாத்திரத்தில் ஒட்டிச் சூடு பார்த்தாள். எழிலனைக் குளிப்பாட்ட வெந்நீர் விளாவும்போதும் அப்படித்தான் பார்ப்பாள்.