படத்துக்கு உட்கார்ந்த நாய்

அரண்மனைக் குளத்தில் குழந்தை விழுந்தபோது தொப்பென்று கேட்ட அந்தச் சத்தம் செம்பியின் காதை விட்டுப் போகவேயில்லை. தெருநாயான அவள்தான் அன்று குதித்து, சின்ன இளவரசியைச் சட்டையோடு கவ்விக் கரைசேர்த்தாள். மறுநிமிடம் காவல்காரன் அவளை விரட்டிவிட்டான். குழந்தை பிழைத்ததா என்றுகூடத் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து அரண்மனைச் சன்னலில் எட்டிப் பார்த்தாள். காப்பாற்றிய நாயைப் படம் எழுத ஓவியர் வந்திருந்தார். தண்ணீருக்குப் பதிலாக நீல விரிப்புப் போட்ட மேசைமேல் அரண்மனை நாய் சிங்காரம் உட்கார்ந்திருந்தான். அவன் காலடியில் குழந்தை கண்மூடிக் கிடந்தது.

“அண்ணே, குழந்தை அசையலையே!” செம்பி சன்னல் விளிம்பில் முன்கால்களை ஊன்றி எக்கினாள்.

“நடிப்பு. அசையாமக் கிடந்தா லட்டு தர்றாங்க” என்று முணுமுணுத்தான் சிங்காரம். “உன் மூஞ்சி வீரத்துக்கு எடுபடாதாம், என்னை ஏத்திட்டாங்க. வீரமாப் பாருன்னு இந்த ஓவியரு உசிரை வாங்குறாரு. குதிக்கும்போது நீ எப்படிப் பார்த்தே?”

“எங்கே பார்த்தேன்? பயத்துல கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்!”

சிங்காரம் நேர்மையானவன். உடனே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

“ஐயோ, தூங்குதே!” என்று ஓவியர் தலையில் அடித்துக்கொண்டார்.

செம்பி சிரிப்புத் தாங்காமல் குரைத்தாள். அந்தக் குரல் கேட்டதும் குழந்தை துள்ளி எழுந்தது. “என் நாய்! என் நாய்!” என்று லட்டை மறந்து சன்னலுக்கு ஓடி வந்து செம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அப்புறம் யார் இழுத்தும் விடவில்லை.

படத்தில் சிங்காரம் அலைகளுக்கு நடுவே கம்பீரமாக நிற்கிறான். செம்பி அடுத்து வந்த ஆடி மாதம் இளவரசியின் கட்டிலுக்கடியில் ஐந்து குட்டிகள் போட்டாள்.