விடியல் மன்றத்தில் கருவிழித் தேர்தல்

நீதியை உயிரெனப் போற்றும் பெருமக்களே, வாருங்கள்! கிள்ளான் விடியல் மன்றத்தில், பட்டப்பகலில், பலர் பார்க்க நடந்தேறிய வாக்குத் திருட்டைக் காணுங்கள்!

ஆண்டு 1999. அம்மன்றத்துக்குப் பதினெட்டு ஆண்டுகளாகத் தலைவர் சோலையப்பன். அவர் வெல்லும் விதம் ஊரறிந்தது. தேர்தல் நாளன்று கேரி தீவிலிருந்து ஒரு லோரி வரும். அதிலிருந்து இறங்கும் அறுபத்தொரு பேரும், வராத உறுப்பினர்களின் அட்டைகளை நீட்டுவார்கள்; வாக்களிப்பார்கள்; பிரியாணிப் பொட்டலத்தோடு திரும்புவார்கள். சென்ற முறை, இறந்து மூன்றாண்டுகள் ஆகிவிட்ட அய்யாவுகூட வந்து வாக்களித்தார். பிரியாணியில் உப்புக் குறைவென்று புகாரும் கொடுத்தார்.

இம்முறையும் சோலையப்பன் வென்றால் மன்றத்தின் படிப்பகம் மூடப்படும். அங்கே ஸ்னூக்கர் மேசைகள் போடப்படும், ஒப்பந்தம் தயார். மூவாயிரம் நூல்களைக் காக்கக் களத்தில் குதித்தார் வழக்கறிஞர் சந்திரகலா. “அட்டையை நம்பாதீர்! கண்ணை நம்புவீர்!” என்று தெருத்தெருவாக முழங்கினார்.

கண்ணை நம்பும் கருவி ஒன்றையும் அவரே தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழும் ஓய்வுபெற்ற தந்தித்துறைப் பொறியாளர் சிவசம்பு, தம் ஓய்வூதியத்தைக் கொட்டி உருவாக்கிய கருவி அது. அதன் குழாயில் கண்ணை வைத்தால் கருவிழியைப் படமெடுக்கும். இணைக்கப்பட்ட கைத்தொலைபேசி அப்படத்தை இணையம் வழியே பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக் கணினிக்கு அனுப்பி, அங்குள்ள பதிவோடு ஒப்பிடும். உறுப்பினர் என்றால் பச்சை விளக்கு. போலி என்றால் சிவப்பு விளக்கும் சங்கொலியும். முந்திய மாதத்தில் ஒரு ஞாயிறு முழுவதும் மன்றத்தில் அமர்ந்து, உறுப்பினர்களின் கண்களைச் சிவசம்பு பதிவுசெய்திருந்தார். “பச்சை விளக்கே இறுதித் தீர்ப்பு” என்று மன்றத்தின் விதியை எழுதித் தந்தவரும் சந்திரகலாவே.

தேர்தல் நாள் வந்தது. லோரியும் வந்தது.

“தலைவரே, இந்த வருசம் உங்க லோரிக்கு டீசல் வேஸ்ட்லா!” என்றார் சந்திரகலா.

“பாப்போம்மா,” என்றார் சோலையப்பன். அவர் முகத்தில் கவலையின் சாயலே இல்லை.

லோரியிலிருந்து முதலில் இறங்கிய தங்கமணி குழாயில் கண்ணை வைத்தார். இணைப்புக் கிட்டவில்லை. சிவசம்பு கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஜன்னலை நோக்கி நடந்தார். கம்பி குட்டையாக இருந்ததால் கருவியும் நகர்ந்தது. குழாயில் வைத்த கண்ணை எடுக்காமல் தங்கமணியும் குனிந்தபடியே பின்தொடர்ந்தார்.

“லைன் வருது! லைன் வருது! ஒருத்தரும் மூச்சு விடாதேங்கோ!” என்று கத்தினார் சிவசம்பு.

நான்கு நிமிடங்கள் மூச்சடக்கிய மன்றத்தில் பச்சை விளக்கு எரிந்தது. இரண்டாமவருக்கும் பச்சை. மூன்றாமவருக்கும் பச்சை. பத்தாமவருக்கும் பச்சை!

“அங்கிள்! என்ன அங்கிள் இது?” என்று அலறினார் சந்திரகலா.

“மிஷின் பொய் சொல்லாது, பிள்ளை.”

“மிஷின் சொல்லாது, நீங்க சொல்வீங்க! நேத்து தலைவர்கூட உட்கார்ந்து தே தாரிக் குடிச்சீங்களே, நான் பாத்தேன்!”

விலைபோனதா விஞ்ஞானம்? கொதித்தது கூட்டம். “அபா ஹால்?” என்று மலாயில் விஷயத்தை விசாரித்தபடி வந்து சேர்ந்த போலீஸ் சார்ஜன், சிவசம்புவின் தோளில் கை வைத்தார். வாழ்நாள் உழைப்பு அவமானத்தில் முடியப்போவதை உணர்ந்த முதியவர் கதறினார்.

“ஐயோ, கண் பதிஞ்ச அண்டைக்கு வந்த ஆக்களே இவைதான்! அட்டையைப் பாத்தனான், கண்ணைப் பாத்தனான். முகத்தைப் பாக்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லையே!”

எல்லாரும் சோலையப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னை ஏன்யா மொறைக்கிறீங்க? நான் யாரையும் கூப்பிடல. உறுப்பினருங்கதான் போன் போட்டாங்க. ‘ஞாயித்துக்கிழமை தூங்குற நாள் தலைவரே, கண்ணுதானே காட்டணும், வழக்கம்போல நம்ம பேருக்கு ஒரு ஆள அனுப்பிடுங்க’ன்னாங்க. அனுப்பினேன்.”

கேட்டீர்களா கொடுமையை! வாக்களிக்க ஆளனுப்பிப் பழகியவர்கள், கண் காட்டவும் ஆளனுப்பியிருக்கிறார்கள்! சார்ஜன் சிவசம்புவின் தோளிலிருந்து கையை எடுத்தார். விதி விதிதான், பச்சை பெற்ற அறுபத்தொரு கண்களும் வாக்களித்தன. சொந்தக் கண்ணோடு வந்த நல்லவர்களும் வாக்களித்தார்கள்.

சங்கு அன்று ஒரே ஒரு முறைதான் ஒலித்தது. சிவப்பு விளக்கில் சிக்கிய ஒரே ஒரு போலியைச் சார்ஜன் மரியாதையோடு வெளியே அழைத்துச் சென்றார்.

சோலையப்பனுக்கு அறுபத்திரண்டு, சந்திரகலாவுக்கு அறுபத்தொன்று. சமமாக வந்திருந்தால் மறுதேர்தல்! ஒற்றை வாக்கில் வீழ்ந்தது படிப்பகம். நூல்கள் பெட்டிக்குள் போயின.

தோழர்களே, அடுத்த தேர்தலுக்கான கண் பதிவு வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு. எழுங்கள்! திரண்டு வாருங்கள்! அவரவர் கண்ணை அவரவரே கொண்டுவாருங்கள்!

சென்ற பதிவின்போது, பிரசாரம் தலைக்குமேல் இருக்கிறதென்று தங்கையிடம் அட்டையைக் கொடுத்தனுப்பிய சந்திரகலா அம்மையாரே, நீங்களும்தான்!